இன்னும் ஒரு மாதம் இருக்கலாமா?

பாங்காக் நகரம். 2024-ஆம் ஆண்டு, நவம்பர் 18.

அடுக்கு மாடி வீடு ஒன்றில் தூளி ஆடுகிறது. பிறந்து 17 நாளே ஆன பெண் குழந்தை அதில் தூங்குகிறது. பக்கத்தில் கட்டிலில் குழந்தையின் தாய் படுத்திருக்கிறாள். ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தை. தையல் போட்ட இடம் இன்னும் ஆறவில்லை. இரவில் காய்ச்சல் வருகிறது.

சமையல் அறையில் பாட்டி பூண்டு உரித்துக் கொண்டு இருக்கிறார். மகளின் பிரசவத்துக்காகக் கும்பகோணத்தில் இருந்து வந்தவர். பத்தியச் சாப்பாடு, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, துணி துவைப்பது எல்லாம் அவர்தான். மருமகன் காலையில் வேலைக்குப் போனால் இரவு 8 மணிக்குத்தான் திரும்புவார்.

டாக்டர் அன்று காலையில் கண்டிப்பாகச் சொல்லி விட்டார்.

"இன்னும் ஒரு மாதத்துக்குக் குழந்தையைத் தவிர வேறு எதையும் தூக்கக் கூடாது. வீட்டு வேலையும் கூடாது."

ஆனால், பாட்டியின் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை இருக்கிறது. அதில் ஒரு தேதி: 29 நவம்பர் 2024. அந்தத் தேதிக்கு மேல் ஒரு நாள் தங்கினாலும் சட்டப்படி குற்றம்.

இன்னும் 11 நாள்தான் பாக்கி. விட்டுவிட்டுப் போவதா? போகாமல் இருந்தால் என்ன ஆகும்?

இந்தக் குடும்பம் உதாரணத்துக்காகச் சொன்னது. ஆனால், இதே கவலையோடு பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்க்கிற குடும்பங்கள் உலகம் எங்கும் உண்டு.

விசா இல்லாமல் பயணம்

அயல் நாட்டுக்குப் போவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். அது நம் சர்க்கார் கொடுப்பது. போகிற நாட்டின் சர்க்காரும் "வரலாம்" என்று சொல்ல வேண்டும். அதுதான் விசா. அந்த நாட்டுத் தூதரகத்தில் மனுப் போட்டு, பணம் கட்டி, காத்திருந்து வாங்க வேண்டும்.

சில நாடுகள் சில நாட்டாருக்கு மட்டும் இந்தத் தொல்லை வேண்டாம் என்று விட்டுவிடுகின்றன. "விமானம் ஏறி வாருங்கள். வந்து இறங்கியதும் முத்திரை போட்டு அனுப்புகிறோம்" என்கின்றன. உல்லாசப் பயணிகள் வந்தால் ஓட்டலுக்கு வருமானம், கடைக்கு வருமானம், படகுக்காரனுக்கும் வருமானம்.

தாய்லாந்து இந்தியர்களுக்கு அப்படித்தான் கதவைத் திறந்தது. முன்பெல்லாம் பாங்காக் விமான நிலையத்தில் வரிசையில் நின்று, 2,000 பாட் கட்டி, 15 நாள் விசா வாங்க வேண்டும். பாட் என்பது அந்த நாட்டு நாணயம். 2023-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி அந்தக் கட்டணம் நீங்கியது. விசா இல்லாமலே 30 நாள் தங்கலாம் என்றார்கள். 2024-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி, 30 நாள் 60 நாள் ஆயிற்று. இந்தியா உள்பட 93 நாடுகளின் மக்களுக்கு இந்தச் சலுகை கிடைத்தது.

ஒன்பது மாதத்துக்குள் இரண்டு தடவை சட்டம் மாறியதைக் கவனித்தீர்களா? 2025-இல், "60 நாள் அதிகம்; 30 நாளாகக் குறைக்கலாம்" என்ற பேச்சும் அங்கே எழுந்தது. ஆகவே, போன வருஷம் போய் வந்தவர் சொன்ன கணக்கை நம்பிப் பெட்டியைக் கட்டக் கூடாது. டிக்கெட் வாங்கும்போது அந்த நாட்டுத் தூதரகத்தில் விசாரித்துக் கொள்வதே நல்லது.

விசா வேண்டாம் என்றால் இஷ்டம் போல இருக்கலாம் என்று சிலர் எண்ணிக் கொள்கிறார்கள். அது தவறு. விசா இல்லையே தவிர, கெடு உண்டு.

பாட்டி போட்ட கணக்கு

நம் பாட்டி அக்டோபர் 1-ஆம் தேதி பாங்காக்கில் இறங்கினார். 60 நாள் என்றால் இரண்டு மாதம். டிசம்பர் 1 வரை இருக்கலாம். இது பாட்டி விரல் விட்டு எண்ணிய கணக்கு.

அதிகாரி போட்ட முத்திரையிலோ நவம்பர் 29 என்று இருந்தது.

யார் கணக்கு சரி? அதிகாரியின் கணக்குதான் சரி. வந்து இறங்கிய நாளையும் ஒரு நாளாக எண்ணுவார்கள். இரவு 11 மணி 50 நிமிஷத்துக்கு முத்திரை விழுந்தாலும் அது ஒரு முழு நாள்தான். மேலும், அக்டோபருக்கு 31 நாள். அதில் 31 நாளும், நவம்பரில் 29 நாளும் சேர்ந்தால் 60 ஆகிவிட்டது. மாதக் கணக்கு வேறு, நாள் கணக்கு வேறு.

இந்த இரண்டு நாள் வித்தியாசத்தில் மாட்டிக் கொள்கிறவர்கள் அநேகம். முத்திரையில் இரண்டு தேதி இருக்கும். மேலே இருப்பது வந்த தேதி. "அன்டில்" என்ற ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது கெடு முடிகிற தேதி. முத்திரை விழுந்த அந்த இடத்திலேயே, மேஜையை விட்டு நகருமுன், அதைப் படித்து விடவேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தாய்லாந்து மக்கள் புத்தர் ஆண்டைக் கடைப்பிடிக்கிறார்கள். நம் ஆண்டோடு 543-ஐக் கூட்டிக் கொள்ள வேண்டும். நமக்கு 2024 என்றால் அவர்களுக்கு 2567! பால் பாக்கெட்டில் இருந்து சர்க்கார் காகிதம் வரை இந்த ஆண்டுதான். நல்ல வேளையாக, பாஸ்போர்ட் முத்திரையில் உலகத்தார் அறிந்த ஆண்டையே போடுகிறார்கள்.

ஆளுக்கு ஒரு யோசனை

செய்தி அக்கம் பக்கத்தில் பரவியது. பாங்காக்கில் நம்மவர்களுக்குக் குறைவில்லை. சீலோம் சாலையில் உள்ள மாரியம்மன் கோவில் 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. நவராத்திரி முடிவில் அம்மன் ஊர்வலம் வரும்போது சாலையே நிரம்பிவிடும். தாய்லாந்து மக்களே மஞ்சள் பூவும் தேங்காயுமாக வந்து வரிசையில் நிற்பார்கள்.

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

முதலில் வந்தவர் எதிர் வீட்டுக்காரர். "இதற்கா இவ்வளவு கவலை? பேசாமல் இருங்கள் அம்மா! ஊருக்குப் போகும்போது விமான நிலையத்தில் அபராதம் கட்டினால் போகிறது. நாள் ஒன்றுக்கு 500 பாட்தானே!"

அவர் சொன்னது பாதி உண்மை. கெடு தாண்டினால் நாளுக்கு 500 பாட் அபராதம் என்பது சரி. எத்தனை நாள் ஆனாலும் 20,000 பாட்டுக்கு மேல் வாங்க மாட்டார்கள் என்பதும் சரி. மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை.

2016-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி முதல் தாய்லாந்தில் ஒரு கடுமையான விதி இருக்கிறது. கெடு தாண்டித் தங்கியவர் தாமாகவே விமான நிலையத்துக்கு வந்து ஒப்புக் கொண்டால் ஒரு தண்டனை. போலீசார் நடுவழியில் பிடித்தால் வேறு தண்டனை.

தாமாக வருகிறவர் 90 நாளுக்கு மேல் தாண்டி இருந்தால், ஓர் ஆண்டு அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. ஓர் ஆண்டுக்கு மேல் தாண்டினால் 3 ஆண்டு. மூன்று ஆண்டுக்கு மேல் என்றால் 5 ஆண்டு. ஐந்துக்கும் மேல் போனால் 10 ஆண்டு.

போலீசாரிடம் பிடிபட்டாலோ, கெடு தாண்டியது ஓர் ஆண்டுக்குள் என்றாலும் 5 ஆண்டுத் தடை! ஓர் ஆண்டுக்கு மேல் என்றால் 10 ஆண்டு.

மருந்துக் கடைக்குப் போகிற வழியில் ஒரு போலீஸ்காரர் பாஸ்போர்ட்டைக் கேட்டால் என்ன ஆகும்? ஒரு நாள் தாண்டியிருந்தாலும் தாண்டியதுதான். அதற்கு மேல் அதிகாரியின் மனசு. ஐந்து ஆண்டு தடை விழுந்தால், பாட்டி தன் பேத்தி வீட்டுக்கு மறுபடி வரும்போது அவள் பள்ளிக்கூடம் போய்க் கொண்டிருப்பாள்.

இதைக் கேட்டதும் மகள் எழுந்து உட்கார்ந்து விட்டாள். "வேண்டாம் அம்மா. நீ 27-ஆம் தேதியே ஊருக்குப் போய்விடு. நான் எப்படியாவது சமாளித்துக் கொள்கிறேன்" என்றாள்.

"நீ சமாளிப்பாய். இந்தப் பச்சை மண் சமாளிக்குமா? பேசாமல் படு" என்றார் பாட்டி.

எல்லை தாண்டும் வித்தை

இரண்டாவது யோசனை சொன்னவர் ஊர் சுற்றும் வாலிபர். "லாவோஸ் நாட்டு எல்லைக்கு ஒரு பஸ் பிடியுங்கள். பாலத்தைத் தாண்டிப் போங்கள். ஒரு காப்பி குடியுங்கள். உடனே திரும்பி வாருங்கள். புதிதாக 60 நாள் முத்திரை போடுவார்கள்!"

இந்த வித்தையும் இல்லாதது அல்ல. பல ஆண்டுகளாக வெள்ளைக்காரர்கள் பலர் இப்படியே தாய்லாந்தில் காலம் தள்ளினார்கள். எல்லைக்கு ஆட்களை ஏற்றிச் சென்று திரும்பக் கொண்டு வருவதற்கென்றே வேன்கள் ஓடின. மீகாங் ஆற்றின் மேல் 1994-ஆம் ஆண்டு திறந்த நட்புப் பாலம் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறது.

சர்க்கார் சும்மா இருக்குமா? 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி முதல், விசா இல்லாதவர் தரை வழியாக ஓர் ஆண்டில் இரண்டு தடவைதான் வரலாம் என்று கட்டுப்பாடு வந்தது. தகுந்த காரணம் இல்லாமல் இரண்டு தடவைக்கு மேல் இப்படிப் போய்த் திரும்புகிறவர்களை நுழைய விடமாட்டோம் என்று 2025 நவம்பரில் அதிகாரிகள் மறுபடி எச்சரித்தார்கள்.

தவிர, திரும்பி வரும்போது விடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. எல்லை அதிகாரி "முடியாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம். குழந்தை இந்தப் பக்கம்.

மருமகன் கடைசியாகத்தான் வாய் திறந்தார். "அத்தை, வித்தை எல்லாம் வேண்டாம். நேராக அலுவலகத்துக்கே போய்க் கேட்போம். கேட்டால் 30 நாள் கொடுப்பார்களாம்."

நேர் வழி

உண்மைதான். விசா இல்லாமல் வந்த உல்லாசப் பயணி, தாய்லாந்துக் குடியேற்ற அலுவலகத்தில் மனுக் கொடுத்து இன்னும் 30 நாள் கேட்கலாம். கட்டணம் 1,900 பாட். அப்போதைய நம் பணத்தில் 4,600 ரூபாய்க்குச் சற்று மேல்.

இந்த 30 நாள் எதில் இருந்து தொடங்குகிறது என்பது முக்கியம். மனுக் கொடுத்த நாளில் இருந்து அல்ல. பழைய கெடு முடிகிற நாளில் இருந்து. ஆகையால், முன்கூட்டிப் போனால் நாள் குறையாது. கடைசி நாள் வரை காத்திருந்து ஓடுவதால் ஒரு லாபமும் இல்லை. சனி, ஞாயிறு அலுவலகம் கிடையாது. பண்டிகை நாட்களிலும் கிடையாது.

பாங்காக்கில் இந்த அலுவலகம் சேங் வத்தனா சாலையில், சர்க்கார் கட்டிடத் தொகுதியில் இருந்தது. அது சாதாரணக் கட்டிடம் அல்ல. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்! சாப்பாட்டுக் கடைகள், நகல் எடுக்கும் கடை, போட்டோ பிடிக்கும் கடை எல்லாம் உள்ளேயே.

தாய்லாந்தில் குடியேற்ற இலாகா போலீசைச் சேர்ந்தது. மேஜைக்குப் பின்னால் இருப்பவர்கள் போலீஸ் உடுப்பில் இருப்பார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டியது இல்லை. கும்பிட்டுப் பேசுகிற ஊர் அது. அவர்களும் கும்பிடுவார்கள்.

என்ன என்ன கொண்டு போக வேண்டும்?

டி.எம். 7 என்ற மனுத்தாள். பாஸ்போர்ட். அதில் போட்டோ உள்ள பக்கத்துக்கும் முத்திரை உள்ள பக்கத்துக்கும் நகல். 4 சென்டிமீட்டர் அகலம், 6 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு போட்டோ. 1,900 பாட் பணம். பிறகு, எங்கே தங்கியிருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி. நகல் எடுத்த ஒவ்வொரு தாளிலும் மனுதாரர் கையெழுத்துப் போடவேண்டும்.

மனுத்தாளில் காரணம் எழுத ஓர் இடம் இருக்கிறது. மருமகன் "மகளையும் பேத்தியையும் கவனித்துக் கொள்ள" என்று ஆங்கிலத்தில் எழுதினார். நிரப்புவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். கையெழுத்து மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளது போலவே இருக்கவேண்டும்.

பாட்டி தமிழில் கையெழுத்துப் போடுகிறவர். சிறு வயதில் பள்ளிக்கூடம் போனவர் அல்ல. கலியாணம் ஆன பிறகு, அறிவொளி இயக்க வகுப்பில் அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்து கற்றுக் கொண்ட எழுத்து அது. ஒரு தாளில் போட்டார். இரண்டாவது தாளில் போட்டார். வரிசையில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார மாது அந்த எழுத்துக்களின் சுழியைப் பார்த்து, "எவ்வளவு அழகு!" என்றாள்.

ஒரு காகிதம் குறைந்தது

அன்று நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. காலை 8 மணிக்கே வந்து சீட்டு வாங்கியும், முறை வரும்போது 11 மணி ஆகிவிட்டது. 12 மணிக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை.

அதிகாரி தாள்களைப் புரட்டினார். இன்னொரு தடவை புரட்டினார். பிறகு தலையை ஆட்டினார்.

"டி.எம். 30 எங்கே?"

மருமகன் விழித்தார். அப்படி ஒரு காகிதம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

அயல் நாட்டார் ஒருவர் ஒரு வீட்டில் வந்து தங்கினால், 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1979-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் உள்ள விதி இது. ஓட்டலில் தங்கினால் ஓட்டல்காரர்களே தெரிவித்து விடுகிறார்கள். பயணிக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரிவதில்லை. உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள்தான் இதில் அகப்பட்டுக் கொள்கிறார்கள். மாமியார் வீட்டுக்கு வந்ததைப் போலீசுக்குச் சொல்லவேண்டும் என்று எந்த மருமகனுக்குத் தோன்றும்?

வீட்டின் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து, வாடகைப் பத்திரத்தின் நகலும் அவருடைய கையெழுத்தும் வாங்கி, ஏழு வாரம் தாமதமாகத் தெரிவித்ததற்கு அபராதமும் கட்டவேண்டி இருந்தது. வீடுகளுக்கு இந்த அபராதம் 2,000 பாட் வரை போகலாம். இதற்கே இரண்டு நாள் ஓடிவிட்டது.

கெடுவுக்குப் பத்து நாள் முன்னதாக வந்ததால் பிழைத்தார்கள். 29-ஆம் தேதி வந்திருந்தால் அது வெள்ளிக்கிழமை. மறுநாள் சனி. அவ்வளவுதான்!

முத்திரை விழுந்தது

நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. மறுபடி வரிசை. இந்தத் தடவை தாள் எல்லாம் சரியாக இருந்தது. அதிகாரி பாட்டியை ஒரு சிறு காமிராவுக்கு முன் உட்கார வைத்துப் படம் பிடித்தார். பணத்தை வாங்கிக் கொண்டு ரசீது கொடுத்தார்.

இந்தப் பணம் மனுவுக்குக் கட்டுகிற பணம். மனு தள்ளுபடி ஆனாலும் திரும்பக் கிடைக்காது. தள்ளுபடி ஆனவர்களை அன்றே துரத்துவதில்லை. நாட்டை விட்டுப் புறப்பட 7 நாள் அவகாசம் கொடுப்பது வழக்கம்.

சற்று நேரம் கழித்து, கூப்பிட்டுப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்கள். பாட்டி அங்கேயே நின்று, எழுத்துக் கூட்டித் தேதியைப் படித்தார். 29 டிசம்பர் 2024.

நவம்பர் 29-க்குப் பிறகு சரியாக 30 நாள்.

இதில் இன்னும் சில சங்கதிகள் உண்டு. இந்த அனுமதியோடு வேலை செய்யக் கூடாது. ஓட்டலில் பாத்திரம் கழுவினாலும் வேலைதான். இடையில் நாட்டை விட்டு வெளியே போனால், மிச்சம் உள்ள நாட்கள் போய்விடும். போகும் முன்பே 1,000 பாட் கட்டித் திரும்பி வரும் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். நோயாளியாக ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர், டாக்டர் சர்டிபிகேட்டைக் காட்டி 90 நாள் வரையிலும் கேட்கலாம். தாய்லாந்துக் குடிமகனான கணவனையோ, மனைவியையோ, குழந்தையையோ பார்க்க வந்தவருக்கு 60 நாள் உண்டு. பாட்டியின் மகள் இந்தியக் குடிமகள். அதனால் அந்த வழி இல்லை.

"பாஸ்போர்ட்டை என்னிடம் கொடுங்கள். நீங்கள் வரவே வேண்டாம். முத்திரை போட்டுக் கொண்டு வருகிறேன்" என்று யாராவது சொன்னால், கையைக் கட்டிக் கொண்டு நகர்ந்து விடுங்கள். கள்ள முத்திரையோடு விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் உண்டு. முத்திரை போட்டவன் அகப்படுவதில்லை. பாஸ்போர்ட் யாருடையதோ அவர்தான் கம்பி எண்ண வேண்டும்.

நாட்டுக்கு நாடு வேறு

தாய்லாந்தில் நடக்கிறதே என்று மற்ற நாட்டில் போய்க் கேட்டால் ஏமாற்றம்தான்.

அமெரிக்கா சில நாட்டாரை விசா இல்லாமல் 90 நாளுக்கு விடுகிறது. அதில் இந்தியா கிடையாது. அந்த 90 நாளை நீட்டிக்கவே முடியாது. விமானம் இல்லை, திடீர் நோய் என்பது போன்ற ஆபத்துக் காலத்தில் மட்டும் 30 நாள் வரை பொறுத்துக் கொள்வார்கள்.

ஐரோப்பாவில் 29 நாடுகள் சேர்ந்து ஒரே எல்லையாக இருக்கின்றன. அங்கே எந்த 180 நாளை எடுத்துக் கொண்டாலும், அதில் 90 நாளுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. பாரிசில் 60 நாளும் ரோமில் 30 நாளும் இருந்தால் சேர்த்து 90 ஆகிவிட்டது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி முதல் முத்திரைக்குப் பதிலாக மெஷின் கணக்கு வைக்கத் தொடங்கி இருக்கிறது. மெஷினிடம் கெஞ்ச முடியுமா?

ஜப்பான் ஒரு விசித்திரம். விசா இல்லாமல் வருகிறவருக்கு 90 நாள். ஆனால் ஜெர்மனி, இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து முதலிய சில நாட்டார் மட்டும் மனுப் போட்டு 6 மாதம் வரை இருக்கலாம். அந்த நாடுகளோடு செய்து கொண்ட ஒப்பந்தம் அப்படி.

பிலிப்பைன்ஸ் நாட்டில் விசா தேவையில்லாத பல நாட்டார் மாதாமாதம் பணம் கட்டி, நீட்டி நீட்டி 3 ஆண்டு வரை இருந்துவிடலாம்! இந்தியருக்கு 2025 ஜூன் 8 முதல் அங்கே விசா இல்லாமல் 14 நாள் என்று அறிவித்தார்கள். அதை ஒரு நாள் கூட நீட்டிக்க முடியாது. ஒரே வாசல், ஒரே மேஜை. ஒருவருக்கு 3 ஆண்டு. இன்னொருவருக்கு 14 நாள்.

மலேயாவில், அதாவது இன்றைய மலேசியாவில், 2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு 30 நாள். நோய், விபத்து போன்ற காரணம் இருந்தால்தான் நீட்டிப்பார்கள். "ஊர் பிடித்திருக்கிறது" என்பது காரணம் ஆகாது.

நேபாளத்துக்குப் போகிற இந்தியருக்கு விசாவே கிடையாது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாட்டாருக்கும் பரஸ்பரம் அந்த உரிமையைக் கொடுத்தது.

வானம் மூடிய நாட்கள்

கெடு முடிந்தும் போக முடியாமல், உலகமே மாட்டிக் கொண்ட காலமும் உண்டு.

2010-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் ஐரோப்பாவின் வானத்தை மூடியது. விமானங்கள் பறக்கவில்லை. அமெரிக்காவுக்கு வந்த ஐரோப்பியர்கள் கெடு முடிந்தும் திரும்ப வழியின்றி நின்றார்கள். மேலே சொன்ன அந்த 30 நாள் அப்போதுதான் பலருக்கும் உதவியது.

2020-இல் வந்த கொரோனா நோய் அதை விடக் கொடுமை. மார்ச் மாதத்தில் இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. ஏப்ரல் 4-ஆம் தேதி தாய்லாந்தும் பயணிகள் விமானத்துக்கு வானத்தை மூடியது. பயணிகள் என்ன செய்வார்கள்? நாளை நீட்டித்துத் தரச் சொல்லிக் குடியேற்ற அலுவலக வாசலில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். "தள்ளி நில்லுங்கள்" என்று அரசாங்கம் சொல்லிக் கொண்டு இருந்தது. அதே அரசாங்கத்தின் வாசலில் தோளோடு தோள் உரசும் கூட்டம்!

கடைசியில் தாய்லாந்து சர்க்கார் ஒரு நல்ல காரியம் செய்தது. மார்ச் 26-க்குப் பிறகு கெடு முடிந்தவர்கள் யாரும் வரவேண்டாம், மனுவும் வேண்டாம், அபராதமும் வேண்டாம் என்று அறிவித்தது. முதலில் ஏப்ரல் 30 வரை என்றார்கள். பிறகு ஜூலை 31. பிறகு செப்டம்பர் 26. பிறகு அக்டோபர் 31. பத்து நாள் கடலைப் பார்க்க வந்தவர்கள் ஏழு மாதம் கடலையே பார்த்துக் கொண்டு இருந்தார்கள். இந்தியர்களை அழைத்து வர மே 7-ஆம் தேதி முதல் 'வந்தே பாரத்' விமானங்கள் பல நாடுகளுக்கும் போயின.

டிசம்பர் 27

பாட்டி ஊருக்குப் புறப்பட்ட நாள் டிசம்பர் 27, வெள்ளிக்கிழமை. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே டிக்கெட் எடுத்து விட்டார் மருமகன். விமானம் ரத்தானால் மறுநாள் போகலாம் அல்லவா?

மகளின் தையல் ஆறி, காய்ச்சல் நின்று இரண்டு வாரம் ஆகியிருந்தது. குழந்தைக்கு 56 நாள். ஆளைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக் கொண்டு விட்டது.

விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். முதல் முத்திரையைப் பார்த்தார். தேதி தாண்டி விட்டது. பாட்டியை நிமிர்ந்து பார்த்தார். பாட்டி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலை நீட்டி, "அடுத்த பக்கம், அடுத்த பக்கம்" என்றார் தமிழில்.

அதிகாரி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். டக்கென்று முத்திரை குத்தித் தள்ளினார்.

மூன்றரை மணி நேரத்தில் சென்னை. இறங்கியதும் பாட்டி மகளுக்குப் போன் போட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"குழந்தை பால் குடித்ததா?"